பெங்களூரிலிருந்து ஒரே நாளில்: ஸ்ரீரங்கப்பட்டணமா, சித்ரதுர்காவா, லேபாக்ஷியா?

ஊரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்தாயிற்று. லால்பாக், கமர்ஷியல் ஸ்ட்ரீட், அல்சூர் சோமேஸ்வரர் கோயில் என்று சனிக்கிழமை ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் தலைவலி. "மால் எல்லாம் எங்க ஊர்லயே வந்தாச்சுப்பா, பழைய கோட்டை, சித்திரம் எழுதின அரண்மனை மாதிரி ஏதாவது காட்டு" என்பார் சித்தப்பா. குடும்ப வாட்ஸப் குழுவில் கேட்டால் ஆளுக்கு ஒரு ஊர் சொல்வார்கள். எல்லோர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும். பெங்களூரை விட்டு எந்தத் திசையில் போனாலும் ஒரு பாறைக் குன்றும் அதன்மேல் இடிந்த மதிலும் கண்ணில் படாமல் இருக்காது.

சிக்கல் எங்கே என்றால், கோட்டையும் சுவர்ச் சித்திரமும் இந்தப் பக்கத்தில் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். ராஜஸ்தானின் ஷேகாவதி வட்டாரத்தில், மண்டாவா, நவல்கட் போன்ற ஊர்களில், வியாபாரிகள் கட்டிய வீடுகள் தெருத் தெருவாக உள்ளும் புறமும் சித்திரத்தோடு நிற்கின்றன. அது இங்கே கிடையாது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கலாம் என்றால் காரைக்குடிக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் போதாது. நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது சித்திரம் எழுதிய ஓர் அரண்மனை, ஓரிரு கோயில்கள், மற்றபடி கோட்டைகள், கோட்டைகள், கோட்டைகள். அதனால் முதலில் வீட்டில் முடிவு செய்ய வேண்டியது ஊரை அல்ல. கண்ணுக்கு வேலையா, காலுக்கு வேலையா என்பதைத்தான். அது தெரிந்தால் ஊர் தானாக அமைந்துவிடும்.

அதற்கடுத்து, நீங்கள் நகரத்தின் எந்த மூலையில் இருக்கிறீர்கள் என்பது. கூகுள் மேப் காட்டும் கிலோமீட்டரை நம்பி இந்த ஊரில் யாரும் பயணம் திட்டமிடுவதில்லை. கிழக்கே ராமமூர்த்தி நகரில் இருப்பவருக்கு மைசூர் சாலையில் கெங்கேரியைத் தாண்டுவதற்குள்ளேயே பாதி மூச்சு போய்விடும். ஸ்ரீராமபுரத்தில் இருப்பவருக்குத் துமகூரு சாலை வீட்டு வாசல் மாதிரி. காலையில் ஆறு மணிக்குள் நகரத்தை விட்டு வெளியேறிவிட்டால் இந்த வித்தியாசம் தெரியாது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் திரும்பி வரும்போது நன்றாகவே தெரியும்.

ஸ்ரீரங்கப்பட்டணம்

என் ஓட்டு எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஓர் ஊர்தான் போக முடியும், கூட வருகிறவர்களில் வயதானவர் ஒருவராவது உண்டு என்றால் ஸ்ரீரங்கப்பட்டணம்தான். சுமார் 125 கிலோமீட்டர். 2023 மார்ச்சில் திறந்த மைசூர் விரைவுச்சாலையில் கெங்கேரியைத் தாண்டிவிட்டால் ஒன்றரை மணி நேரம். ஏற வேண்டிய மலை கிடையாது. காவிரி இரண்டாகப் பிரிந்து சுற்றி ஓடும் தீவுதான் ஊர். பார்க்க வேண்டியவை எல்லாம் ஐந்தாறு கிலோமீட்டருக்குள். காரை விட்டு இறங்கி ஏறத் தெரிந்தால் போதும்.

பெரும்பாலானவர்கள் இந்த ஊரை மைசூர் போகிற வழியில் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, திப்பு விழுந்து கிடந்த இடத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடுத்து சாமுண்டி மலை. அப்படிப் பார்ப்பதற்கு இந்த ஊர் தேவையே இல்லை. இங்கே வர வேண்டியதற்கான காரணம் கோட்டைக்கு வெளியே, தோட்டத்துக்கு நடுவில், பச்சைத் திரைகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதுதான் தரியா தௌலத் பாக்.

1784-இல் திப்பு கட்டிய கோடைக்கால மாளிகை. தேக்கு மரத் தூண்கள், மேடைமேல் சதுரமாக ஒரு கட்டடம், சுற்றிலும் தாழ்வாரம். அரண்மனை என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு முதல் பார்வையில் சப்பென்று இருக்கும். நம்மூர் ஜமீன் பங்களாக்கள் சில இதைவிடப் பெரியவை. வெயில் படாமலிருக்கத் திரைகள் தொங்குவதால் வெளியிலிருந்து எதுவும் தெரியாது. உள்ளே நுழைந்து கண் பழகியதும்தான் புரியும், வெறுஞ்சுவர் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. தூண், வளைவு, கூரை எல்லாவற்றிலும் பூவேலை. மேற்குப் பக்கச் சுவர் முழுக்கப் போர்.

அந்தப் போர் நடந்த இடம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளலூர். 1780 செப்டம்பர் 10. குண்டூர்ப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை, காஞ்சிபுரத்தில் இருந்த ஆங்கிலேயத் தளபதி மன்றோவின் பெரிய படையோடு சேரவிடாமல் திப்புவும் அவர் தந்தை ஹைதர் அலியும் மடக்கி அழித்தார்கள். மன்றோ சில மைல் தூரத்தில்தான் இருந்தார், ஆனால் வந்து சேரவில்லை. பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அதுவரை இந்தியாவில் ஆங்கிலேயர் கண்ட தோல்விகளில் மிக மோசமானது இது என்பார்கள்.

சுவரில் அதை எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். வலது பக்கத்தில் சிவப்புச் சட்டை சிப்பாய்கள் சதுர வியூகமாகத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் பல்லக்கில் பெய்லி. விரலை வாயில் வைத்தபடி, என்ன செய்வதென்று தெரியாத முகம். வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துச் சிதறுகிறது; போர் திரும்பிய கணமே அதுதான். நாலு பக்கமும் மைசூர்க் குதிரைப்படை, வரிசை வரிசையாக, எல்லாக் குதிரையும் ஒரே மாதிரிப் பக்கவாட்டு முகம் காட்டிப் பாய்கிறது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் தூரநோக்கியில் வேடிக்கை பார்க்கிறார். இத்தனை ரகளைக்கு நடுவே ஹைதரும் திப்புவும் மட்டும் யானைமேல், தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் போல அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெயித்தவர் வீட்டுச் சுவர் அல்லவா, அப்படித்தான் இருக்கும்.

பிள்ளைகளை அழைத்துப் போனால் பெய்லியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அடுத்து வெடிக்கும் வண்டி. அரை மணி நேரம் சத்தமில்லாமல் போகும். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள் என்பது இங்கே ஒரு வசதி. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இன்று நாம் காணும் வண்ணம் எல்லாம் 1784-இன் வண்ணம் என்று நினைக்க வேண்டாம். 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு ஆர்தர் வெல்லெஸ்லி, அதாவது பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர், இந்த மாளிகையில்தான் குடியிருந்தார். பிறகு மங்கிப்போன சித்திரங்களை 1850-களில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி மறுபடி தீட்டச் செய்தார். தங்கள் தோல்வியைத் தாங்களே செலவு செய்து புதுப்பித்துக்கொண்ட ஆட்சி அது. ஏன் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கிழக்குச் சுவரை யாரும் பார்ப்பதில்லை. அங்கே அக்காலத்து அரசர்கள் ஐந்து வரிசையாகத் தர்பாரில் வீற்றிருக்கிறார்கள். தஞ்சாவூர் ராஜாவும் இருக்கிறார், சித்ரதுர்காவின் மதகரி நாயக்கரும் இருக்கிறார். மதகரியைப் பற்றிக் கீழே வரும்.

தரியா தௌலத்தில் ஒன்றரை மணி நேரம் செலவழித்தால் மற்றவை தானாகப் பொருந்திக்கொள்ளும். கோட்டைக்குள் கர்னல் பெய்லி நிலவறை இருக்கிறது. சுவரில் பல்லக்கில் பார்த்த அதே மனிதர் இந்த ஊரில் கைதியாகவே 1782-இல் இறந்தார். சித்திரத்தைப் பார்த்துவிட்டு நிலவறைக்குப் போங்கள், மாற்றிப் போனால் அது வெறும் செங்கல் வளைவுதான். பிறகு கும்பஸ் எனப்படும் ஹைதர், திப்பு சமாதி. உள்சுவர் முழுக்கப் புலிக்கோடு. ரங்கநாதர் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது, வெயிலேறினால் கல் சுடும்.

கோட்டை என்ற கணக்கில் மட்டும் பார்த்தால் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு மதிப்பெண் குறைவு. மதில் துண்டு துண்டாக நிற்கிறது, உள்ளே ஓர் ஊரே குடியிருக்கிறது, லால் மஹால் அரண்மனையில் அடித்தளம்தான் மிச்சம். ரயில் பாதையைக்கூடக் கோட்டைக்குள்தான் போட்டிருக்கிறார்கள். இரட்டைப் பாதைக்கு இடைஞ்சலாக இருந்த திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்றை 2017-இல் இடிக்காமல், கட்டடத்தை அப்படியே பெயர்த்து நகர்த்தி வைத்தார்கள். இவ்வளவு அக்கறை எல்லாக் கட்டடத்துக்கும் கிடைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சாப்பாட்டு விஷயம் ஒன்று. விரைவுச்சாலை பிடதி, ராமநகரா, சென்னபட்டணா, மத்தூர், மண்டியா எல்லா ஊரையும் சுற்றிக்கொண்டு போகிறது. தட்டு இட்லியும் மத்தூர் வடையும் தானாக வழியில் வரும் என்று உட்கார்ந்திருந்தால் பசியோடு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்குவீர்கள். வேண்டுமென்றால் கவனமாக இறங்கு பாதையைப் பார்த்துப் பழைய சாலைக்கு வர வேண்டும். இரு சக்கர வண்டிக்கு விரைவுச்சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்டிலிருந்து அனுமதியில்லை, பக்கச் சாலைதான். கார் இல்லாதவர்களுக்கு ரயிலே போதும். மைசூர் வண்டிகளில் எல்லாமே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நிற்காது, அதை மட்டும் பார்த்து ஏறுங்கள். நிலையத்திலிருந்து ரங்கநாதர் கோயில் நடக்கும் தூரம், மற்றவைக்கு ஆட்டோ பேசிக்கொள்ளலாம்.

சித்ரதுர்கா

கோட்டை என்றால் இதுதான் கோட்டை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நாம் கற்பனையில் கட்டிக்கொள்ள வேண்டியதெல்லாம் இங்கே கண்ணெதிரே கல்லாக நிற்கிறது. பாறைக் குன்றுகளைச் சுற்றிச் சுற்றி ஏழு மதில் வளையங்கள். ஏழு சுற்றுக் கோட்டை என்றுதான் கன்னடத்தில் அதற்குப் பேரே. வாசல்கள் நேராக இல்லை. ஒரு வாசலைத் தாண்டியதும் பாதை சட்டென்று மடங்கி அடுத்த வாசலுக்குப் போகும். யானையை ஓட்டி வந்து கதவை முட்ட வைக்க அதற்கு ஓடிவர இடம் வேண்டுமே, அந்த இடத்தைத்தான் கொடுக்கவில்லை. காரை பூசாமல் கல்லைக் கல்லோடு பொருத்தி எழுப்பிய மதில்களை விரலால் தடவிப் பாருங்கள். கத்தி நுழையாது என்று வழிகாட்டி சொல்வது பெரும்பாலான இடங்களில் உண்மைதான்.

மழைநீரை ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்கு இறக்கிவிட்டுச் சேமித்த ஏற்பாடு இன்னொரு அதிசயம். மலைமேல் இத்தனை குளம் வைத்திருந்தவர்களை முற்றுகையிட்டுத் தாகத்தில் பணிய வைக்க முடியாது. ஹைதர் அலி பல முறை முயன்றுதான் 1779-இல் பிடித்தார். பாளையக்காரர் மதகரி நாயக்கர் சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே இறந்தார். அடுத்த வருடம் அதே படைதான் புள்ளலூருக்கு வந்தது. தரியா தௌலத் சுவரில் மதகரியைத் தர்பார்க் கோலத்தில் பார்த்துவிட்டு இங்கே வந்தால் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

ஓபவ்வாவின் கதையை ஊரே சொல்லும். பாறை இடுக்கில் ஓர் ஆள் ஊர்ந்து வரும் அளவுக்கு ஒரு சந்து. காவற்காரக் கணவன் சாப்பிட வீட்டுக்குப் போன நேரம், தண்ணீர் எடுக்க வந்த மனைவி அந்தச் சந்தில் எதிரிகள் நுழைவதைப் பார்த்து, உலக்கையோடு நின்று தலை நீட்டியவர்களை ஒவ்வொருவராக அடித்துச் சாய்த்தாள் என்பது கதை. அந்தச் சந்தில் இன்றைக்கும் குனிந்து நுழைந்து பார்க்கலாம். பத்து வயதுப் பையனை அங்கிருந்து வெளியே இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஆனால் சித்திரம்? இல்லை. அரண்மனை இருந்த இடத்தில் மண்சுவர் மிச்சங்கள்தான். எண்ணெய்க் குழி, வெடிமருந்து அரைத்த பெரிய கல் உருளைகள் எல்லாம் இருக்கின்றன, வண்ணம் இல்லை. வண்ணமும் வேண்டும் என்பவர்களுக்கு வழியில் ஒரு சிறிய சமாதானம்: துமகூருவைத் தாண்டி சிரா போகும் வழியில் சீபி நரசிம்மர் கோயில். ஹைதர், திப்பு காலத்து அரசாங்க அதிகாரி ஒருவரின் பிள்ளைகள் எடுப்பித்தது. மண்டபக் கூரை முழுக்கச் சித்திரம். புராணமும் உண்டு, அந்தக் காலத்து ராஜசபையும் உண்டு. நெடுஞ்சாலைக்கு ஓரமாகவே இருந்தும் நிறுத்துகிறவர்கள் குறைவு. திரும்பும் வழியில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

தூரம் சுமார் 200 கிலோமீட்டர், இதுதான் இந்த ஊரின் பலவீனம். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், நடுவில் வெயிலில் ஏற்றம். ஏழு மணிக்கு நிதானமாகக் கிளம்பினால் சரியாக உச்சி வெயிலில் வெறும் பாறைமேல் நிற்பீர்கள். நிழல் என்பது அங்கே மதிலின் நிழல்தான். அதனால் விடியற்காலை நாலரைக்குக் கிளம்புங்கள், துமகூருக்கு முன்னால் கியாத்தசந்திராவில் தட்டு இட்லி, எட்டரைக்குக் கோட்டை வாசல், பன்னிரண்டுக்குள் இறங்கிவிடலாம். முடியாதென்றால் நேர்மாறாகச் செய்யுங்கள்: பத்து மணிக்குக் கிளம்பி, இரண்டரைக்கு மேல் ஏறி, மாலை வெயிலில் மதில் சிவப்பதைப் பார்த்துவிட்டு இரவில் திரும்பலாம். சீபி அதில் அடிபட்டுப் போகும். பென்னே தோசைக்காக தாவணகெரே வரை போய்விடலாம் என்று வண்டியில் யாராவது ஆரம்பித்தால் காதில் வாங்காதீர்கள். அது இன்னும் 60 கிலோமீட்டர்.

முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப் போகலாமா? முதல் மூன்று நான்கு வாசல் வரை படியும் சரிவும் மெதுவாக ஏறக்கூடியவைதான். அதற்கு மேல் வழுக்குப் பாறையில் வெட்டிய சிறு படிகள் வரும் இடங்களில் வேண்டாம். "நான் இங்கேயே உட்காருகிறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று அத்தை சொல்லும்போது அவர் உட்கார நிழலான இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், தின்பண்டப் பையைக் குரங்கின் கண்ணில் காட்டாதீர்கள்.

லேபாக்ஷி, கூடவே பெனுகொண்டா

ஹெப்பால், எலகங்கா, தேவனஹள்ளிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதுதான் கைக்கு எட்டியது. ஹைதராபாத் சாலையில் பாகேபள்ளியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்து, கொடிகொண்டாவில் இடப்பக்கம் திரும்பினால் லேபாக்ஷி. மொத்தம் 120 கிலோமீட்டர் சுமார்.

மாளிகை இல்லை, வீரபத்திரர் கோயில். ஆனால் சித்திரத்துக்காகப் போகிறோம் என்றால் தரியா தௌலத்தைவிட இருநூற்றைம்பது வருடம் மூத்தது. விஜயநகரத்தில் அச்சுத தேவராயர் ஆண்ட 1530-களில் விருபண்ணா, வீரண்ணா என்ற சகோதரர்கள் எடுப்பித்தது. சித்திரங்கள் எல்லாம் கூரையில். காவிச் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, கொஞ்சம் பச்சை. பெண்களின் புடவைக் கட்டும் கரையும் அவ்வளவு நுணுக்கம். பார்வதி கல்யாணம், கிராதார்ஜுனியம் என்று வரும் வரிசையில் நம்ம ஆள் ஒருவரும் இருக்கிறார்: மனுநீதிச் சோழன். கன்றை இழந்த பசு, தேர்க்கால், அரசன் எல்லாம் திருவாரூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து ஆந்திரக் கோயில் கூரையில் ஏறியிருக்கின்றன. கூட வந்த குழந்தைக்குப் பாடப்புத்தகத்தில் படித்த கதையை அண்ணாந்து காட்டலாம்.

தொங்கும் தூணுக்கு எப்போதும் கூட்டம். தரையில் முழுதாகப் படாமல் நிற்கும் அந்தத் தூணுக்கடியில் துண்டை விட்டு இழுத்துப் பார்க்க வரிசையில் நிற்பார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. எல்லோரும் குனிந்துகொண்டிருக்கும்போது கூரை காலியாகக் கிடைக்கிறது. கைபேசி டார்ச்சை மேலே அடிக்காதீர்கள். மண்டபத்து ஓரத்தில் வரும் வெளிச்சமே போதும், கண் பழக ஓரிரு நிமிடம் கொடுத்தால் உருவம் தெரியும். பல இடங்களில் மங்கிவிட்டது, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கழுத்து வலிக்கும், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சுவரில் சாய்ந்து பார்ப்பதே சௌகரியம்.

செருப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும், பிராகாரமோ திறந்த கல்தளம். பதினொன்றரைக்கு மேல் நாகலிங்கத்திலிருந்து கல்யாண மண்டபத்துக்கு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும், நம் காலும் அதே கல்லில் படும் வரை. பழைய காலுறை ஒன்று பையில் இருக்கட்டும்.

கோட்டை வேண்டுமென்றால் அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் பெனுகொண்டா. 1565 தலைக்கோட்டைப் போரில் ஹம்பி அழிந்த பிறகு விஜயநகர அரசு இங்கேதான் குடிவந்தது. ககன் மஹால் என்ற இரண்டடுக்கு மாளிகை, மதில் வாசல்கள், மேலே மலை. வரலாறு தெரிந்தவருக்கு மனம் கனக்கும் ஊர். தெரியாதவருக்கு "இதுக்கா வந்தோம்" என்றுதான் தோன்றும். மலை ஏறுவதென்றால் லேபாக்ஷியைச் சுருக்க வேண்டியிருக்கும். நான் ஏற மாட்டேன். கீழே ககன் மஹாலைப் பார்த்துவிட்டு நாலு மணிக்குள் பெங்களூர்ப் பக்கம் திரும்பிவிடுவேன்.

பேருந்தில் போகிறவர்கள் ஹிந்துப்பூர் போய் மாற வேண்டும். ரயிலும் ஹிந்துப்பூர் வரை உண்டு. முடியாததல்ல, ஆனால் பெனுகொண்டாவை அன்றைக்கு மறந்துவிடுங்கள்.

சின்னச் சின்ன மாற்று வழிகள்

மதுகிரி, பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர் சுமார். ஒற்றைப் பாறை மலை, அதன் முதுகில் ஊர்ந்து ஏறும் கோட்டை. நண்பர்கள் நாலு பேர், எல்லோருக்கும் நல்ல ஷூ, மழை இல்லாத நாள் என்றால் போகலாம். குடும்பத்தோடு வேண்டாம். மேல் பகுதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டிய சரிவில் பாதியில் பயந்துபோய் நின்றுவிடுகிறவர்களைக் கீழே இறக்குவது ஏறுவதைவிடக் கஷ்டம்.

தேவனஹள்ளிக் கோட்டை விமான நிலையத்துக்கு அடுத்து, திப்பு பிறந்த ஊர். அரை நாள் விஷயம். சாயங்கால விமானத்தில் ஏறப் போகும் உறவினருக்குப் பொருத்தம், இதற்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க வேண்டியதில்லை.

எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளிப் பக்கம் இருப்பவர்கள் ஏன் நகரத்தைக் குறுக்கே கடந்து மைசூர் சாலைக்குப் போக வேண்டும்? ஓசூர் வழியாக ராயக்கோட்டை 75 கிலோமீட்டர்தான். பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்துக் கோட்டைகளில் ஒன்று. 1791-இல் ஆங்கிலேயர் பிடித்தது, அடுத்த வருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் முழுவதுமே அவர்கள் கைக்குப் போனது. மேலே பெரிதாகக் கட்டடம் ஒன்றும் கிடையாது. ஏற்றமும் காற்றும் கீழே தக்காளித் தோட்டங்களும்தான். தமிழில் வழி கேட்டுக்கொண்டு, தமிழில் டீ சொல்லிக் குடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். திரும்பும்போது அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியும் சில்க் போர்டும் உங்கள் பொறுமையைச் சோதிக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

சரி, எது யாருக்கு?

பாட்டி, கைக்குழந்தை, முதல் தடவை பெங்களூர் வருகிற உறவினர்கள் எல்லாம் ஒரே வண்டியில் என்றால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கோயில் வேண்டியவருக்குக் கோயில், சரித்திரம் வேண்டியவருக்குச் சரித்திரம், இரண்டும் வேண்டாதவருக்குக் காவிரி. எட்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் துறுதுறுவென்று இரண்டு பிள்ளைகள் இருந்து, பெரியவர்களுக்கும் கால் நன்றாக இருந்தால் யோசிக்காமல் சித்ரதுர்கா. எட்டு மணி நேரப் பயணம் பெரியவர்களைத்தான் களைப்பாக்கும், பிள்ளைகள் அந்தப் பாறைச் சந்துகளைப் பற்றி வாரம் முழுக்கப் பேசுவார்கள். சித்திரம் வரைகிறவர், கோலம், புடவை வடிவங்களில் ஆர்வம் உள்ளவர், கோயில் பார்த்து அலுக்காதவர் யாராவது வருகிறார் என்றால் லேபாக்ஷி. இதில் அலுப்பவர்கள் பதின்ம வயதினர்தான். தொங்கும் தூண் முடிந்ததும் கைபேசியை எடுத்துவிடுவார்கள்.

செலவில் பெரிய வித்தியாசம் கிடையாது. தரியா தௌலத்துக்கும் சித்ரதுர்காவுக்கும் தொல்லியல் துறையின் கட்டணம் சொற்பம், பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். பெட்ரோலும் சுங்கமும்தான் கணக்கு. சித்ரதுர்காவுக்கு வாடகை வண்டி எடுத்தால் நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும், டிரைவர் படி தனி. விடியற்காலை நாலரைக்கு வந்து இரவு வரை ஓட்டுபவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவதுதான் மரியாதை. அவரும் நடுவில் கொஞ்சம் தூங்க வேண்டும், நீங்கள் கோட்டை ஏறும் மூன்றரை மணி நேரம் அதற்குத்தான்.

திரும்பும் நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஞாயிறு மாலையில் நெலமங்கலாவிலிருந்து கோரகுண்டேபாளையா வரையும், கெங்கேரியிலிருந்து நாயண்டஹள்ளி வரையும் ஊர்ந்துதான் வர வேண்டும். ஹெப்பால் மேம்பாலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐந்துக்குள் நகர எல்லைக்கு வந்துவிடுங்கள், இல்லையென்றால் வழியிலேயே இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒன்பதுக்கு மேல் நுழையுங்கள்.

பருவம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மூன்றுக்குமே நல்லது. மார்ச், ஏப்ரலில் சித்ரதுர்கா வேண்டவே வேண்டாம். தசரா வாரத்திலும் டிசம்பரிலும் ஸ்ரீரங்கப்பட்டணம் வேண்டாம்; மைசூர் போகிற பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் அங்கே நின்றுதான் போகும், மேற்குச் சுவருக்கு முன்னால் வாத்தியார் விசில் ஊதி வரிசையை நகர்த்திக்கொண்டே இருப்பார். அந்த வாரங்களில் என்றால் என் ஓட்டு லேபாக்ஷிக்கு.